நீண்ட தூர விமானப் பயணமும் மருந்து வேளையும்: சென்னை – லண்டன்

சென்னை விமான நிலையத்திற்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடையிலான நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். இடைநில்லா விமானம் இதனைக் கடக்கப் பத்து முதல் பதினொரு மணி நேரம் ஆகும். மேற்கு நோக்கிச் செல்கையில் எதிர்க்காற்று இருப்பதால், திரும்பி வரும் பயணத்தைவிடப் போகும் பயணம் பொதுவாகச் சற்று நீளும். வழியில் விமானம் மாறினால் காத்திருப்பு நேரமும் சேரும்.

பயணச்சீட்டில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படுகிறது. குளிர்காலத்தில் லண்டன் நேரம் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. கோடையில் நான்கரை மணி. எடுத்துக்காட்டாக, குளிர்காலத்தில் காலை 5.30 மணிக்குச் சென்னையில் புறப்பட்டுப் பதினொரு மணி நேரம் பறந்தால், லண்டனில் இறங்கும்போது அங்கு முற்பகல் 11 மணிதான். சீட்டைப் பார்ப்பவருக்கு இது ஐந்தரை மணி நேரப் பயணமாகத் தோன்றும். இந்தக் கணக்கை நம்பி மருந்து வேளையை முடிவு செய்யாதீர்கள்.

இரவு 8 மணிக்கு நீண்டநேரம் செயல்படும் இன்சுலின் போடுபவர், மறுநாள் லண்டனில் இரவு 8 மணி ஆகட்டும் எனக் காத்திருந்தால், இரு ஊசிகளுக்கும் இடையே 24 அல்ல, இருபத்தொன்பதரை மணி நேரம் கடந்திருக்கும், சர்க்கரை உயரும். திரும்பும்போது அதே இடைவெளி பதினெட்டரை மணியாகச் சுருங்கும். முழு அளவு ஊசியைப் போட்டுக்கொண்டு பயணக் களைப்பில் உண்ணாமல் உறங்கிவிட்டால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். இதனையே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். பயணத்திற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, சீட்டின் நகலுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். பிள்ளைகளைக் காணச் செல்லும் முதியோர் பலர் மருந்துச் சீட்டை மட்டுமே கொண்டுவருகின்றனர்; அன்று எங்களுக்குப் பயணச்சீட்டும் அதே அளவு தேவை.

வலிப்பு நோய் மாத்திரைகளையும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளையும் உட்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும். இறங்கும்வரை ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருங்கள். மருந்துகளையும் மருத்துவரின் கடிதத்தையும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சரக்குப் பகுதியில் வைக்கும் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம்.

கால் நரம்பில் இரத்த உறைவு

நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால், காலின் ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆயினும் உடல்நலமுள்ள பயணிகளில் இது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே நேர்வதால் அச்சம் தேவையில்லை. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் புறப்படக் கூடாது. மற்றவர்கள் அவ்வப்போது எழுந்து நடந்து, கணுக்காலை மடக்கி நீட்டினால் போதும். ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாக விழுங்க வேண்டாம்.

பயணம் முடிந்து சில வாரங்கள் வரையிலும் ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது கெண்டைக்கால் வலி தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் தாமதமின்றி அவசர ஊர்தியை அழையுங்கள்: இந்தியாவில் 108, லண்டனில் 999.