மாறனார் மனையின் கறியமுது

இளையான்குடி மாற நாயனார் குருபூசை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற அடியேன் சற்றே தயங்கினேன். "கீரையைப் பற்றி எழுதுங்கள் ஐயா" என்றார் செயலாளர். அதைவிடப் பெரிய பேறு ஏது! நாயனார் வரலாறு இம்மலரைக் கையில் எடுப்போர் அறியாததன்று. ஆதலின் விதைநெல் வாரி வந்த நிகழ்ச்சியை விடுத்து நேரே அடுக்களைக்குள் நுழைகிறேன்.

அடியாருக்கு அமுது ஆக்க, அந்த நள்ளிரவு மழையில் மாறனார் கைகளால் தடவிப் பறித்து வந்தது இன்னும் வளராத இளம்பயிர். அதன் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. கீரை என்று கொள்வது உரை மரபு. அவர் மனைவியாராகிய அம்மையார் அந்த ஒன்றையே வெவ்வேறு கறிகளாக ஆக்கினார் என்று மட்டும் பெரியபுராணம் கூறிச் செல்கிறது. என் மனம் நிற்பது அங்கேதான். வீட்டில் பிடி உப்பும் சிறிது புளியும் இருந்திருக்கலாம். கொழுந்தை வதக்கினால் ஒரு கறி. இலையை மசித்துக் கடைந்தால் மற்றொன்று. தண்டைப் புளி விட்டு வேக வைத்தால் இன்னொன்று. வறுமை ஒரே கீரையைத்தான் கொடுத்தது. இலையில் அது பலவாகிவிட்டது.

இது கவிஞர் கற்பனை மட்டும் அன்று. நம் சமையலின் இலக்கணமே இப்படித்தான் அமைந்திருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு வைத்த நிவந்தத்தைச் சொல்லும் கல்வெட்டைப் பாருங்கள். அமுதுபடியில் வரும் கறிகள் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி எனப்படுகின்றன. கத்தரியா, வாழையா, பாகலா என்று கல் கணக்கெடுக்கவில்லை. எப்படிச் சமைப்பது என்பதே அதன் கணக்கு. காயத்துக்கு மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி உண்டு. மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் ஒரு காய்ப் பட்டியல் உண்டு. மதுரையில் ஆயர் மகளிர் கண்ணகிக்குக் கொடுத்தவை பலாக்காய், வெள்ளரி, மாதுளம் பிஞ்சு, மாங்கனி, வாழைக்கனி. அரிவாள்மனையில் நறுக்கி நறுக்கி அவள் விரல் சிவந்ததை இளங்கோவடிகள் காட்டுகிறார். கணவனுக்குப் படைக்கும் கடைசி உணவு அது என்று அவள் அறியாள், நாம் அறிவோம்.

நம் கறிகளில் சேரும் காய்கள் எங்கே பிறந்தவை? பிரான்சு மொழியில் எழுதிய சுவிட்சர்லாந்து அறிஞர் டி கண்டோல் 1880களில் பயிர்களின் பிறப்பிடம் பற்றி ஒரு நூல் செய்தார். ரஷ்யாவின் வாவிலோவ் 1926இல் அதை மேலும் விரித்தார். கத்தரியும் வெள்ளரியும் பாரதத்துக்கு உரியவை என்பது வாவிலோவ் முடிபு. நாம் பெருமைப்படலாம். ஆனால் புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் பாட்டில் வரும் அவரையின் காட்டு உறவினம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. வெண்டையும் அத்திசையினதாகலாம். தக்காளி, உருளை, பறங்கி, சர்க்கரைவள்ளி நான்கும் அமெரிக்கா. உருளையும் முட்டைக்கோசும் நீலகிரியில் வேர் பிடித்தது 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில்.

பல மடைப்பள்ளிகளிலும் பிதிர் காரியங்களிலும் தக்காளியும் உருளையும் சேர்ப்பதில்லை, மிளகாய்க்குப் பதில் மிளகு என்பது நாம் அறிந்த ஒழுங்கு. அதை மாற்றச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் மார்கழித் திருவாதிரையில் களியோடு வரும் குழம்பில் பறங்கியும் சர்க்கரைவள்ளியும் இருப்பதைக் கூத்தப்பெருமான் ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறார்! வந்த காய் எந்நாட்டதாயினும் புழுக்காகவோ புளிங்கறியாகவோ பொரியலாகவோ நம் முறைக்குள் அமர்ந்துவிட்டால் அது நம் காய்தான். அம்மையார் கைவண்ணமே இதற்குச் சான்று.

வாவிலோவைச் சொன்னதால் ஒன்று. அவர் 1943இல் சாராடோவ் சிறையில் பசியால் மெலிந்து இறந்தார். லெனின்கிராட் முற்றுகையில் அவரது விதை நிலையத்து அறிஞர்கள் சிலர் விதைகளைத் தின்னாமல் காத்துப் பட்டினியால் மாண்டனர். மாறனாரோ விதையையே வாரி அடியாருக்கு உண்ணக் கொடுத்தார். எது பெரிது என்று ஒப்பிட அஞ்சுகிறேன், இரண்டையும் வணங்கலாம்.

கணமங்கலத்து அரிவாட்டாய நாயனாரையும் விட மனம் வரவில்லை. செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்கே என்று வைத்துவிட்டு, தமக்கு வீட்டுக் கொல்லையின் கீரை. அதுவும் தீர்ந்தபோது தண்ணீர். நம் வீடுகளில் கொல்லை எங்கே போயிற்று? சிமெண்டு பூசிவிட்டோம்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நந்தவனத்தில் மலர்ச்செடிகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு அவரையும் புடலும் பாகலும் பந்தலில் ஏறட்டும். கீழே இரண்டு பாத்தி தண்டுக்கீரை போதும். ஆவணி மகத்துக்குள் கீரை பறிக்கும் பருவம் வந்துவிடும். விதை வைத்திருப்போர் இப்போதே கோயில் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.