ஆர்.எஸ்.பதி மரமும் அய்யனார் காடும்

கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்துல ஒரு அய்யனார் கோயில் இருக்கு. அங்கே நிற்கிற பிரம்மாண்டமான குதிரையைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. மாசி மகத்துக்கு அது உடம்பே தெரியாத அளவுக்குக் காகித மாலை போடுவாங்க. சாமியோட பேரு பெருங்காரையடி மீண்ட அய்யனார். காரை ஒரு முள்மரம். சாமி பேருக்குள்ளயே மரம் நிற்குது.

எங்க ஊரு ஆலங்குடிக்குப் பக்கம். அங்கேயும் ஒரு சின்ன கோயில்காடு உண்டு. குச்சி ஒடிச்சாக்கூட அப்பத்தா திட்டும். அதுல ஒரு வீரை மரத்தைக் காட்டி, "நான் வாக்கப்பட்டு வந்தப்பவும் இது இதே தடிமன்தான்டா" என்று சொல்லும். ரொம்ப நாள் அதை மிகைன்னுதான் நினைச்சேன்.

அப்பத்தா சொன்னதில் விஷயம் இருக்கு. குளிர்நாட்டு மரத்தை நிறுத்துவது பனி. ஆண்டுக்கு ஒரு வளையம், எண்ணி வயசு சொல்லிடலாம். நம்மூர்ல வெயிலுக்குப் பஞ்சமில்லை. மரத்தைப் பிடிச்சு நிறுத்துறது தண்ணி. புதுக்கோட்டையில் மழை அதிகமாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாசங்களைச் சமாளிக்க வீரை, காசா, உலக்கைப் பாலை எல்லாம் சின்ன, தடித்த இலையை வச்சுக்கிட்டு, அதை உதிர்க்காமலே, மெதுவா வளருது. மெதுவா வளர்ந்த கட்டை இரும்பு மாதிரி. உலக்கைப் பாலைக்குப் பேரிலேயே உலக்கை இருக்கு பாருங்க! பல மரத்துல வளையமும் தெளிவா விழாது, அதனால வயசு கேட்டால் ஆராய்ச்சியாளரும் தயங்குவார்.

1936-ல் சாம்பியன் என்ற வன அதிகாரி இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தனியாகவே வைத்தார். இன்றைக்கு அதில் மிஞ்சியது பெரும்பாலும் கோயில்காடுகள்தான். பாண்டிச்சேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் எண்ண வந்ததும் இந்த மாவட்டக் கோயில்காடுகளுக்குத்தான்.

சுற்றிலும் என்ன ஆச்சு? 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அதே வருஷம்தான் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் தொடங்கியது. காகித ஆலைக்குக் கூழ்மரம் வேணும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-ல் நீலகிரிக்கு விறகுக்காக வந்த யூகலிப்டஸ், இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு இறங்கியது. எங்க ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு ஆர்.எஸ்.பதி மரம். தைலக் கம்பெனியோட பேரு!

அது பொறுமையா காத்திருக்கிற மரம் இல்லை. வேரை ஆழமா விட்டு, ஆறேழு வருஷத்துல வெட்டுக்கு வந்துடும். வெட்டினால் அடிமரத்துலேர்ந்து மறுபடி துளிர்க்கும். பூமி ரத்தத்தையே உறிஞ்சுதுன்னு சிலர் சொல்றதை நான் அப்படியே ஏத்துக்கலை. இல்லாத தண்ணியை எந்த மரமும் குடிக்க முடியாது. ஆனா இந்த வேகத்துக்கு நிறைய தண்ணி வேணும், அதுக்காகத் தோட்டத்துக்குள்ள மண்கரை போட்டு மழைத்தண்ணியை மடக்கினாங்க. விவசாயிகளோட கோபம் அந்தக் கரைமேலதான். வற்றாத ஆறு ஒண்ணுகூட இல்லாத மாவட்டம் இது. கண்மாயை நம்பித்தான் வயல். மேட்டுக்காட்டில் விழுந்து ஓடிவர வேண்டிய தண்ணி அங்கேயே நின்னுட்டா, கண்மாய்க்கு எது வரும்?

கூட்டங்களில் விவசாயிகள் பேசுவதைக் கேட்டிருக்கேன். மரத்தை எடுக்கச் சொல்றவங்க உண்டு, வெட்டுக்கூலியை நம்பியிருக்கிறதால வேண்டாம்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டு பேரும் சேர்ந்து கேட்கிறது ஒண்ணுதான்: அந்தக் கரையை உடைச்சு விடுங்க, தண்ணி கண்மாய்க்கு வரட்டும்.