சுவரில் முளைத்த இத்தி

பத்துமலையின் 272 படிகளில் ஏறுகிறவர்களின் கண் குகைவாயில் நிற்கும், அல்லது 2006-ல் எழுந்த முருகன் சிலையில் நிற்கும். பக்கத்தில் செங்குத்தாக ஓங்கிய சுண்ணாம்புப் பாறையில் அது தங்குவது அரிது. ஒரு கைப்பிடி மண்ணும் இல்லாத வெடிப்புகளில் அங்கே மரங்கள் நிற்கின்றன. பெய்த மழை சற்று நேரத்தில் பாறைக்குள் இறங்கிவிடுவதால், ஆண்டு முழுவதும் நனையும் நாட்டின் நடுவில் அவை வறட்சியில் வாழ்கின்றன. அடி பருத்து, உயரம் குறுகி, காற்றில் ஒடிந்த கிளையின் தழும்போடு, வேரைப் பாறைமேல் வழியவிட்டு நிற்கும் அந்தக் கோலத்தைத்தான் போன்சாய்க் கலைஞர் தம் தொட்டியில் காண ஏங்குகிறார். அப்படிப்பட்ட மரத்தை மலையிலிருந்து பெயர்த்து வருவதற்கு ஜப்பானியர் 'யாமாதோரி' என்று பெயரிட்டார்கள். மலையில் எடுத்தது என்று பொருள். அந்தப் பழக்கம் பத்துமலை அமைந்த கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தேவையில்லை என்பதே என் வாதம். சட்டம் தடுக்கிறது என்பதோடு அது முடியவில்லை. இந்த நிலத்து மரங்களின் இயல்பும் கோலாலம்பூர் நகரத்தின் வரலாறும் வேறொரு வழியைக் காட்டுகின்றன.

மலை மரத்தைத் தேடி ஜப்பானியர் ஏன் போனார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷிகோகு தீவின் இஷிசூச்சி மலையிலும், நீகாத்தா மாநிலத்து இத்தோய்காவா மலைகளிலும் கயிற்றில் தொங்கியபடி 'ஷிம்பாகு' என்னும் ஜூனிப்பர் மரங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். அந்த வேலையில் விழுந்து இறந்தவர்களும் உண்டு. அவர்களை இழுத்தது அந்த மரத்தின் செத்த கட்டை. பனியிலும் காற்றிலும் பட்டை உரிந்து, எலும்புபோல் வெளுத்து, உயிருள்ள ஒரு மெல்லிய நரம்பைச் சுற்றி நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் நிற்கும் கட்டை அது. எந்தத் தோட்டக்காரராலும் ஓர் ஆயுளில் அதை உண்டாக்க முடியாது. மலைகளில் நல்ல மரம் அற்றுப்போன பிறகு அதே ஷிம்பாகுவைப் போத்து நட்டுப் பெருக்கினார்கள். இன்று அந்தப் பெயரில் கைமாறுபவற்றில் பெரும்பாலானவை நாற்றங்காலில் பிறந்தவை.

வெப்பநாட்டு மரத்துக்கு அந்த எலும்பு கிடையாது. இத்தியின் கிளை பட்டுப்போனால் ஈரமும் பூஞ்சையும் சில ஆண்டுகளில் அதை மண்ணாக்கிவிடும். இங்கே ஒரு மரத்தின் முதுமையைச் சொல்பவை வேரும் விழுதும்தான். தமிழர் கண் இதை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. குறுந்தொகையின் 106-ஆம் பாட்டில், பாறைமேல் ஏறிய இற்றியின் வெள்ளை வேர் கபிலருக்கு மலையில் இறங்கும் அருவியாகத் தெரிந்தது. இற்றி என்பதே பிற்காலத்து இத்தி. தட்சிணாமூர்த்தியைக் கல்லாலின் கீழ் அமர்த்திய மரபும் ஆல் இனத்தைக் கல்லோடு சேர்த்தே நினைத்தது. பாறையைக் கவ்விய வேர் என்று போன்சாய்க்காரர்கள் இன்று ஒரு பாணியாக வகுத்திருப்பது, குறிஞ்சியில் நடந்தவர்கள் பார்த்த அதே காட்சிதான். அந்த வேரை வரவழைக்க நூற்றாண்டுகள் வேண்டியதில்லை. ஒரு கல், கொஞ்சம் மண், கட்டிவைக்கக் கயிறு, பத்துப் பதினைந்து ஆண்டுப் பொறுமை போதும். மலாய்க்காரர் 'ஜெஜாவி' என்று அழைக்கும் சிற்றிலை இத்தி, கைத்தடிமன் கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும். இப்படி ஒரு மரம் கையருகே இருக்கும்போது மலைக்கு ஏற என்ன அவசியம்?

மலையில் எடுத்ததன் களை வளர்த்ததில் வராது என்பார்கள். ஜூனிப்பருக்கு அது உண்மை என்று மேலேயே ஒப்புக்கொண்டேன். ஆனால் ஷிகோகுவிலேயே, தாக்காமாட்சு நகரையொட்டிய கினாஷியின் கதை வேறு மாதிரி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே கடலோரத்திலும் தீவுகளிலும் காட்டுப் பைன்களைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்துத்தான் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு வயலில் வரிசையாய் நட்டு, வேரை நறுக்கி, தண்டை வளைத்து வளர்க்கக் கற்றார்கள். ஜப்பானின் பைன் போன்சாயில் பெரும்பங்கு இன்று அந்த வயல்களிலிருந்தே வருகிறது. சீனத்தின் குவாங்சோவில் உருவான லிங்னான் மரபு கம்பி கட்டுவதைவிடக் கத்தரியை நம்பியது. கிளையை ஓடவிட்டுத் தடிக்கச்செய்து, வெட்டி, மறுபடி ஓடவிடும் முறை அது. ஒவ்வொரு வெட்டும் ஒரு புயல் முறித்த கிளையின் வேலையைச் செய்கிறது. பனியில்லாத, ஆண்டெல்லாம் தளிர்விடும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: கல்லுடைப்பவர்கள் பத்துமலையின் ஒரு பக்கத்தையே வெடிவைத்துத் தின்றார்களே, நாலு மரத்தைக் கொண்டுபோவதால் என்ன குறைந்துவிடும்? மலை பட்டது கொஞ்சமில்லை. 1860-களிலிருந்து சீனக் குடியேறிகள் காய்கறிப் பாத்திகளுக்கு வௌவால் எருவை அள்ளினார்கள். 1878-ல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே எழுதிய பிறகு வெளியுலகம் குகைகளை அறிந்தது. தமிழ் வணிகர் தம்புசாமிப் பிள்ளை கோயிலுக்கு வித்திட்டார், 1892-ல் அங்கே தைப்பூசம் தொடங்கியது. பிறகு பல பத்தாண்டுகள் கல்லுடைப்பு. இத்தனைக்குப் பிறகு எஞ்சியிருக்கும் செங்குத்துப் பாறை என்பதால்தான் அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு உண்டு. தாவரவியலாளர் ரிட்லி முதலில் விவரித்த, இன்று மேக்ஸ்பரெசியா ரூபிகோலா என்று பெயர்பெற்ற குட்டைப்பனை உலகத்தில் மூன்றே மலைகளில் வளர்கிறது: பத்துமலை, புக்கிட் தாகுன், அதையொட்டிய புக்கிட் அனாக் தாகுன். மூன்றும் சிலாங்கூரில். அப்படியொரு பாறையில் 'நாலு மரம்' என்பது சிறிய எண் அல்ல. மேலும், வெடிப்புக்குள் ஆழமாய் இறங்கிய வேருக்கு மண்கட்டி கிடையாது. உளியால் பெயர்த்தால் வேர் பாறையில் தங்கிவிடும், கையோடு வருவது பெரும்பாலும் சாகப்போகும் தண்டு. 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டிலோ அரசு நிலத்திலோ உரிமம் இல்லாமல் வன விளைபொருளை எடுப்பது குற்றம். சாலைக்காகவோ வீடமைப்புக்காகவோ புல்டோசர் ஏறவிருக்கும் நிலத்தில், அனுமதியோடு ஒரு மரத்தை மீட்பது வேறு விஷயம். அதை நான் வரவேற்கிறேன்.

அப்படியானால் காட்டு மரத்துக்கு எங்கே போவது? பிரிக்பீல்ட்ஸுக்கு. 1881-ல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரைக் கோலாலம்பூரை அழித்தன. இனிச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளிலிருந்தே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் வந்தது. நகரம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தபோது, யாரும் எண்ணாமலே ஒரு செயற்கைச் சுண்ணாம்புக்குன்றும் எழுந்தது. பழங்கடைகளின் மாடிச்சுவர், ஓட்டின் இடுக்கு, மழைநீர்க் குழாயின் மூட்டு எல்லாவற்றிலும் பறவைகள் எச்சமிட்டன. அரசும் ஆலும் இத்தியும் முளைத்தன. மண்ணின்மை, வெயில், திடீர் ஈரம், திடீர் வறட்சி என்று பாறை கொடுக்கும் ஒடுக்கம் முழுவதையும் சுவர் கொடுக்கிறது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பழைய சுவர்களில் குறுகித் தடித்து, செங்கல் வரிசையின் சதுரத்தை வேரிலே பதித்துக்கொண்டு நிற்கும் இத்திகளைப் பார்த்தால், மலை மரத்துக்கு அவை எதில் குறைந்தவை என்று எனக்கு விளங்கவில்லை. கட்டடத்தைக் காக்க அவற்றை எப்படியும் அகற்றத்தான் போகிறார்கள், வெட்டியோ மருந்து ஊற்றியோ. அரச மரத்தை வெட்டத் தயங்கும் நம்மவருக்கு, பெயர்த்துத் தொட்டியில் வைப்பது மனம் ஒப்பும் வழி. இத்தியின் வேர் பாதி அறுந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

வளர்த்தது ஒருநாளும் காடாகாது என்று இன்னும் சொல்பவர்கள், பத்துமலைக்கு அருகிலேயே உள்ள கெப்போங்கைப் பார்க்கலாம். வெள்ளீயச் சுரங்கம் தோண்டி நாசமாய்க் கிடந்த நிலத்தில் 1920-களிலிருந்து மரம் மரமாக நட்டு எழுப்பிய காடு அது. 2025-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பக்கத்திலேயே சுங்கை பூலோ இருக்கிறது. 1930-ல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பில், வெளியே போக வழியில்லாதிருந்த சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் செடி வளர்க்கத் தொடங்கினார்கள். குணமான பிறகும் ஊர் ஏற்கத் தயங்கியவர்களுக்குச் செடிதான் சோறு போட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய நர்சரி வட்டாரமாக அந்த இடம் வளர்ந்த கதை இதுதான். தோட்டத்துக்குச் செடி வேண்டும் என்றால் கோலாலம்பூர்க்காரர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். சாலையோரக் கொட்டகைகளில் இத்திக் கட்டைகளும், சீனர் 'சுய் மெய்' என்றழைக்கும் வெண்பூச் செடியும் வரிசையாகத் தொட்டிகளில் நிற்கின்றன, வெட்டிய இடத்தில் புதுத் தளிர் விட்டபடி.