எருமைக் கொம்பும் முயல் காதும்: தோடர் பூவேலையின் வரலாறு

நீலகிரியின் உச்சிப் பீடபூமியில் வாழும் தோடர்கள் போர்த்திக்கொள்ளும் ஆடைக்குப் பூத்துக்குளி என்று பெயர். கனத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த போர்வை அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆடைதான். தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தறியிலேயே நெய்த கரை போலத் தெரியும். கையில் எடுத்துத் தடவினால்தான் அது ஊசி வேலை என்பது தெரியவரும். தோட மொழியில் இதைப் புகூர் என்பார்கள். இதைச் செய்பவர்கள் பெண்கள் மட்டுமே.

தோடர்கள் துணி நெய்தவர்கள் அல்லர். பானை வனைந்ததில்லை, இரும்பு அடித்ததில்லை, உழுததும் இல்லை. எருமை வளர்ப்பு ஒன்றே அவர்களின் தொழிலாக இருந்தது. மற்றவற்றையெல்லாம் மலையின் அண்டைச் சமூகங்கள் கொடுத்தன. கோத்தர்கள் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்து தந்தார்கள், தோடர்களின் சாவு வீட்டில் வாத்தியமும் வாசித்தார்கள். தானியம் படகர்களிடமிருந்து வந்தது. தோடர்கள் பதிலுக்கு நெய்யும் எருமையும் கொடுத்தார்கள். பூத்துக்குளிக்கான துணி சமவெளியில் நெய்யப்பட்டு வியாபாரிகள் வழியாக மலையேறியது. ஒரு குடும்பத்தின் வாழ்வில் புழங்கிய பொருள்களில் பெரும்பாலானவை பிறர் கைப்பட்டவை. வீடும் பால் பொருள்களும் நீங்கலாக, முழுக்கத் தங்களுடையது என்று தோடர்கள் காட்டக்கூடிய கைவேலை இந்தப் பூவேலைதான். அதன் மீது அவர்கள் காட்டும் அக்கறையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். பிரம்பும் மூங்கிலும் வளைத்துப் புல் வேய்ந்த, பாதியாக அறுத்துக் கவிழ்த்த பீப்பாய் போன்ற வீடுகள் சில, எருமைத் தொழுவம் ஒன்று, சற்றுத் தள்ளிப் பால்மனை. அந்தப் பால்மனைதான் கோயில். புனித எருமைகளின் பாலைக் கறப்பதும் கடைவதும் நெய் உருக்குவதுமே அங்கே வழிபாடு. பால் கறப்பவரே பூசாரி. 1901, 1902ஆம் ஆண்டுகளில் தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ என்ற பெருநூலின் கணிசமான பக்கங்கள் இந்தப் பால்மனைச் சடங்குகளுக்கே ஒதுக்கப்பட்டவை. பால் வேலையிலிருந்து பெண்கள் முற்றிலும் விலக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அந்நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கறக்கவும் கடையவும் அவர்களுக்கு அனுமதி இல்லை, பால்மனைக்குள் நுழையவும் முடியாது. தானியம் குத்துவது, வீடு பெருக்குவது, துணி தைப்பது, பூவேலை செய்வது ஆகியவையே பெண்களுக்குரிய வேலைகளாக அவர் காலத்தில் இருந்தன.

எனவே இக்கலையின் மையத்தில் வியப்பான ஓர் உண்மை இருக்கிறது. எருமையைக் கறக்கக் கூடாதவர்களே எருமைக் கொம்பைத் துணியில் வரைந்தார்கள். பால்மனையில் ஆண்கள் பாலாலும் மந்திரத்தாலும் போற்றியதைப் பெண்கள் வீட்டு வாசல் திண்ணையில் அமர்ந்து ஊசியால் போற்றினார்கள். ரிவர்ஸ் பால்மனைக்கு அளித்த கவனத்தில் சிறு பங்கையாவது பூவேலைக்கு அளித்திருந்தால் நூறாண்டுக்கு முந்தைய வடிவங்களைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச முடிந்திருக்கும்.

வேலை நடக்கும் முறை எளிமையானதாகத் தோன்றும், ஆனால் கடும் கவனம் கேட்பது. துணியில் படம் வரைவதில்லை, அச்சு பதிப்பதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் கண்ணாலும் விரலாலும் எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுத்து ஊசி செல்கிறது. துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தால் எண்ண முடியாது. அதனால்தான் முரட்டு இழைத் துணியையே தேர்ந்தெடுக்கிறார்கள். நெய்யும்போதே சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் விட்டிருப்பார்கள். அந்தப் பட்டைகளை ஒட்டியும் அவற்றின் இடையிலும் பூவேலை நிரம்பும். துணியின் பின்பக்கத்திலிருந்தே தைக்கிறார்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நூல் சிறிது தளர்வாக விடப்படுவதால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மேடும் பள்ளமுமாகவும் அமையும். இரு பக்கமும் உடுத்தலாம் என்றாலும், பிற ஊர்த் தையல்காரர்கள் உள்பக்கமாக மறைக்கக்கூடிய அந்த மேட்டுப் பக்கத்தையே தோடர்கள் அழகின் பக்கமாகக் கொள்கிறார்கள். ஓர் இழை தவறி எண்ணினாலும் கோலம் சாய்ந்துவிடும். பிரித்துவிட்டுத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. முழுப் போர்வை ஒன்றை முடிக்க வாரங்கள் ஆகும், அடர்ந்த வேலையானால் மாதங்களும் ஆகும்.

இழை எண்ணும் முறையே வடிவங்களின் தன்மையைத் தீர்மானித்தது. வளைகோடு இங்கே வராது. எதை வரைந்தாலும் அது கோணமாகவும் கட்டமாகவும் படிக்கட்டாகவும் மாறியாக வேண்டும். எருமைக் கொம்பு, சூரியன், நிலா, பாம்பு, மலைப் பூக்கள் எல்லாம் அப்படித்தான் துணிக்கு வந்தன. பூவேலையின் ஓரத்தில் தவறாமல் முயல் காது வரிசையாக நிற்கும். கட்டத்துக்குள் அமைந்த கறுப்பு முக்கோணம் தோடரின் முதல் பூசாரிக்குச் செய்யும் மரியாதை என்பது அவர்களிடையே வழங்கும் விளக்கம். பெண்கள் தங்கள் வேலையை இயற்கைக்குச் செலுத்தும் காணிக்கை என்றே சொல்கிறார்கள். அது வெறும் உபசாரச் சொல் இல்லை. மேயும் எருமை, புல்லுக்குள் ஓடும் முயல், சரிவில் மலரும் பூ என்று மந்தின் வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டுபவைதான் துணியிலும் இருக்கின்றன. யானையும் புலியும் திரியும் மலையில் வேட்டைக் காட்சி ஒன்றுகூட முதன்மை பெறாதது, பெரும்பாலும் இறைச்சி உண்ணாத மேய்ச்சல் மக்களின் மனத்தைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

தோட மொழிக்கு எழுத்து இல்லை. ஆனால் பாட்டு உண்டு, அதுவும் மிக நுட்பமான பாட்டு. 1930களில் நீலகிரியில் களப்பணி செய்த மொழியியலாளர் எம். பி. எமனோ அவற்றைத் திரட்டி 1971இல் ‘தோடா சாங்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். மந்து, எருமை, குன்று, ஓடை ஒவ்வொன்றுக்கும் மரபாக அமைந்த இரட்டைத் தொடர்கள் உண்டு. பாடுபவர் அவற்றைக் கோத்துப் புதுப் பாட்டை உண்டாக்குவார். பூவேலையும் இதே இலக்கணத்தில் இயங்குகிறது. அலகுகள் முன்னோரிடமிருந்து வந்தவை, அவற்றைச் சேர்க்கும் வரிசையும் அடர்த்தியும் தைப்பவளின் தேர்வு. தாயிடம் மகள் கற்கும்போது அலகுகளை மட்டும் கற்பதில்லை, எதற்குப் பக்கத்தில் எது வரலாம் என்பதையும் சேர்த்தே கற்கிறாள்.

பூத்துக்குளியின் மிக முக்கியமான நேரம் சாவு. இறந்தவரின் உடலைப் புதிய போர்வையில் சுற்றுவார்கள். சம்பந்தி முறையினர் துணி கொண்டுவந்து உடல்மேல் போர்த்துவது சாவுச் சடங்கில் தனிக் கட்டமாக ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். இறந்தவர்கள் மேற்கே உள்ள அமுனோர் என்ற உலகுக்குச் செல்வதாகவும், சடங்கில் பலியிட்ட எருமைகள் அங்கே அவர்களோடு சேர்வதாகவும் நம்பிக்கை. ஒரு பெண் மாதக்கணக்கில் தைத்த சிறந்த போர்வை இப்படி மண்ணுலகை விட்டே போய்விடும். பழைய துண்டுகள் அரிதாகவே எஞ்சியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதிலிருந்து தோடர் வாழ்வு வேகமாக மாறியது. தோடர் மந்து ஒன்றின் பெயர் உதகமண்டலமாகி நகரமாயிற்று. மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாகவும் உருளைக்கிழங்கு வயலாகவும் ஆனது. சீகை மரமும் கற்பூர மரமும் புல்வெளியை மூடின. பைக்காரா தொடங்கி அடுத்தடுத்து வந்த மின் திட்டங்களின் நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளை நிரப்பின. ரிவர்ஸ் கண்ட தோடர்கள் எண்ணூறு பேர் அளவுதான்; இன்றும் அவர்கள் ஓரிரண்டாயிரம் பேர் கொண்ட சிறு சமூகமே. எருமைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டது. மந்தைகள் சுருங்கச் சுருங்க, கொம்பின் உருவம் மட்டும் துணியில் குறையாமல் தொடர்ந்தது வேதனையோடு எண்ணத்தக்கது.

வருமானம் எருமையிலிருந்து நழுவிய காலத்தில்தான் பூவேலை விற்பனைக்கு வந்தது. மேசை விரிப்பு, கைப்பை, சால்வை, தலையணை உறை என்று வெளியார் விரும்பும் பொருள்களில் புகூர் ஏறியது. நூலும் மாறியது. ரிவர்ஸ் காலத்துப் போர்வைகளில் நீலமும் சிவப்பும் இருந்தன. பின்னர் கறுப்பும் சிவப்புமே வழக்கமாகி, இப்போது கடையில் கிடைக்கும் கம்பளி நூலும் செயற்கை நூலும் பயன்படுகின்றன. வடிவங்கள் மலைக்கு வெளியே பரவியதும், இயந்திரத்தில் தைத்த போலிகள் தோடர் பெயரிலேயே விற்கப்பட்டன. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன், அரசு நிறுவனமான பூம்புகார் ஆகியவை சேர்ந்து எடுத்த முயற்சியால் 2013இல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் அல்லாதவர் செய்த துணியை அப்பெயரில் விற்பது அதன்பின் சட்டப்படி குற்றமாயிற்று.

விற்பனைக்குச் செய்வதும் தமக்கெனச் செய்வதும் இன்று தனித்தனியாகவே நடக்கின்றன. சந்தைக்குரிய பையிலும் விரிப்பிலும் வண்ணமும் அளவும் வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்கின்றன. கல்யாணத்துக்கும் சாவுக்கும், முத்தநாடு மந்தின் கூம்புக் கோயிலில் ஆண்டு திரும்பும் வேளையில் நடக்கும் மொற்பர்த் திருவிழாவுக்கும் உடுத்தும் பூத்துக்குளி வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்ற வழக்கமான கணக்கிலேயே தைக்கப்படுகிறது.