லெட்

வீட்டு வாயில்களில் 'டு லெட்' என்று தொங்கும் பலகையிலே வாடகைக்கு விடுதலைக் குறிக்கும் ஆங்கில வினை, நமது பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்ட வேண்டுகோளில் 'தடை' என்னும் நேர்விரோதமான அர்த்தத்தோடு நிற்பது விசித்திரமன்றோ! இவை உண்மையில் இரண்டு சொற்கள்: பழைய ஆங்கிலத்தில் விடுதலைக் குறித்த 'லேட்டன்' என்பதும், தாமதத்தைச் சுட்டும் பதத்தினின்று பிறந்து தடுத்தலைக் குறித்த 'லெட்டன்' என்பதும் காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஓருருவாயின. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவியைப் பின்தொடரவொட்டாமல் மறிக்கும் நண்பர்களை மிரட்டுகையில் ஆள்வது பிந்தியதையே. அது இன்று சட்ட வாசகங்களிலும், வலையை உரசிய பந்தை மீண்டும் போடச் செய்யும் டென்னிஸிலுமே பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. முந்தியதற்கோ, உள்ளே விடு, போக விடு, குடக்கூலிக்கு விடு என்று நம் 'விடு' ஒன்றே சகல காரியமும் பார்க்குமாதலால், பலகை எழுதுவோர் இரவல் வாங்குவானேன் என்பது எனக்கு விளங்கவில்லை.