300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கேம் லேக் ஆவது ஏன்? ஸ்பீடு வேற... பிங் வேற!

எதிரி கண்ணெதிரே நிற்கிறான். குறி பார்த்துச் சுட்டாச்சு. திரை ஒரு கணம் உறைகிறது. மறுபடி அசையும்போது செத்துக் கிடப்பது நம்ம ஆள்!

வாலரன்ட், பிஜிஎம்ஐ, கவுன்டர் ஸ்டிரைக் என எதை ஆடுபவர்களுக்கும் இது பழகிய வேதனை. அடுத்து வீட்டில் எழும் கோரிக்கையும் பழகியதுதான்: "நெட் ஸ்லோவா இருக்கு, பெரிய பிளானுக்கு மாறணும்." 100 எம்பிபிஎஸ் 300 ஆகிறது. மாத பில் சில நூறு ரூபாய் ஏறுகிறது. ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் 300-ம் வருகிறது. ஆனால் லேக் மட்டும் போன பாடில்லை.

கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பொருளும், கேமுக்குத் தேவைப்பட்ட பொருளும் வேறு வேறு என்பதுதான் இங்கே சிக்கல்.

ஸ்பீடு என்பது வேகமே அல்ல!

எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லை) என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வந்து சேரும் என்ற அளவு. அதாவது சாலையின் அகலம். ஜிஎஸ்டி சாலையை நான்கு வழியிலிருந்து எட்டு வழியாக்கினால் ஒரே நேரத்தில் நிறைய வண்டிகள் போகலாம். அதற்காக செங்கல்பட்டு தாம்பரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடாது.

கேமுக்கு அகலமான சாலை தேவையும் இல்லை. எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள், எப்போது சுட்டீர்கள், மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் போன்ற சின்னச் சின்னத் தகவல்கள்தான் சர்வருக்கும் உங்கள் கருவிக்கும் இடையே ஓடுகின்றன. படம், சத்தம், மேப் எல்லாம் ஏற்கெனவே போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. பெரும்பாலான கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ் இருந்தாலே ஆட்டம் ஓடிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, நெட்ஃபிளிக்ஸில் 4கே தரத்தில் படம் பார்க்க அந்த நிறுவனம் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ்.

அப்படியென்றால் 4கே படம் தடங்கல் இல்லாமல் ஓடும் வீட்டில் கேம் ஏன் திணறுகிறது? படத்தில் அடுத்த காட்சி என்ன என்பது முன்பே தெரியும். அதனால் வரப்போகும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நடுவில் நெட் ஒரு நொடி நின்றாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கேமில் எதிரி அடுத்து என்ன செய்வான் என்பது அவன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது. சேர்த்து வைக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு தகவலும் அந்தந்தக் கணத்தில் வந்தாக வேண்டும்.

பெரிய பிளானால் கேமர்களுக்குக் கிடைக்கும் நேரடி லாபம், பல ஜிபி அப்டேட்கள் சீக்கிரம் இறங்கும் என்பதுதான்.

பிங், ஜிட்டர், பாக்கெட் லாஸ்

உங்கள் கருவியிலிருந்து ஒரு தகவல் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங். மில்லி செகண்டில், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கப்படுகிறது. ஷூட்டிங் கேம்களில் 40-க்குள் இருந்தால் அருமை. 80 வரை சமாளிக்கலாம். 100-ஐத் தாண்டினால் கை செய்வதும் கண் பார்ப்பதும் ஒட்டாமல் போகத் தொடங்கும். லூடோ, செஸ் ஆடுபவர்களுக்கு 300 இருந்தாலும் ஒன்றும் குடி மூழ்காது.

ஆனால் பிங்கைவிட அதிகம் படுத்துவது ஜிட்டர். பிங் ஒரே சீராக இல்லாமல் 20, 150, 35 எனத் தாவுவதுதான் அது. நிலையான 70-க்கு மூளையும் கையும் பழகிவிடும், தாவும் பிங்குக்குப் பழக முடியாது. மூன்றாவது ஆசாமி பாக்கெட் லாஸ். வேகமான கேம்கள் பெரும்பாலும் யுடிபி என்ற முறையில் தகவல் அனுப்புகின்றன. வழியில் ஒன்று தொலைந்தால் அதற்காக மற்றவை காத்திருக்காது. அரை நொடி பழைய தகவல் வந்து என்ன பயன்? அதனால்தான் தகவல்கள் தொலையும்போது ஓடிக்கொண்டிருந்த ஆள் திடீரென நான்கடி பின்னால் போய் நிற்கிறான்.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது?

ஃபைபர் கேபிளுக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகிறது. கணக்கு எளிது: சர்வர் 1,000 கி.மீ. தள்ளி இருந்தால் போய்வர குறைந்தது 10 மில்லி செகண்ட். எவ்வளவு பெரிய பிளான் எடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. இது இயற்பியல் விதி, கஸ்டமர் கேருக்கு போன் போட்டுப் பலனில்லை.

சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஆயிரம் கி.மீ.க்குச் சற்று மேல். கேபிள் சாலை, ரயில் பாதைகளை ஒட்டிச் சுற்றிப் போவதாலும், வழியில் பல ரவுட்டர்களைக் கடப்பதாலும் நடைமுறையில் 20 முதல் 35 வரை வரும். சென்னை - சிங்கப்பூர் நேரடிக் கடலடி கேபிள்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. அவற்றின் நீளம் சுமார் 3,200 கி.மீ. அதாவது 32 மில்லி செகண்டுக்குக் கீழே போக வழியே இல்லை. ஆனாலும் சென்னைவாசிக்கு சிங்கப்பூர் சர்வர் அவ்வளவு மோசம் இல்லை. டெல்லியில் இருப்பவரைவிட இந்த விஷயத்தில் சென்னைக்கு அதிர்ஷ்டம்.

2020 ஜூனில் வாலரன்ட் வெளியானபோது மும்பையில் அதற்கு சர்வர் கிடையாது. இந்திய வீரர்கள் சிங்கப்பூர் சர்வரில் ஆட வேண்டியிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மும்பை சர்வர் வந்த பிறகு, பிளானை மாற்றாமலேயே பலருக்கு பிங் இறங்கியது. கவுன்டர் ஸ்டிரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கோ மும்பை, சென்னை இரண்டு இடங்களிலும் சர்வர்கள் உண்டு. ஆக, முதலில் பார்க்க வேண்டியது கேமின் செட்டிங்ஸில் எந்தப் பகுதி தேர்வாகி இருக்கிறது என்பதை. நண்பர்களோடு ஆடுவதற்காக எப்போதோ ஐரோப்பாவுக்கு மாற்றிவிட்டு மறந்தவர்கள் உண்டு.

சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்தது எப்படி?

"நான் மறைஞ்சுட்டேன்டா, அதுக்கப்புறம் எப்படி குண்டு பட்டுச்சு?" கேமர்களின் நிரந்தரப் புலம்பல் இது. எதிராளி ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு விஷயம்.

1996-ல் குவேக் கேமின் இணைய வடிவமாக வந்த குவேக்வேர்ல்ட், டயல்-அப் மோடம் காலத்து லேகை மறைக்க ஒரு தந்திரம் செய்தது. பொத்தானை அழுத்தியதும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல் உங்கள் ஆளை உடனே நகர்த்திக் காட்டிவிடும். சர்வர் மாற்றிச் சொன்னால் பிறகு திருத்திக்கொள்ளும். பின்னர் வந்த கேம்கள் இன்னொன்றையும் சேர்த்தன. ஒருவர் சுட்டதும், அவர் திரையில் அந்தக் கணத்தில் எதிரி எங்கே தெரிந்தான் என்று சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்க்கும். அங்கே பட்டிருந்தால் பட்டதுதான்.

சுட்டவருக்கு இது நியாயம். ஆனால் சுடப்பட்டவர் தன் திரையில் அதற்குள் சுவருக்குப் பின்னால் போயிருப்பார். இரண்டு பேர் பார்த்ததும் உண்மைதான், பார்த்த நேரம்தான் வேறு. இதே காரணத்தால் மூலையில் பதுங்கிக் காத்திருப்பவரைவிட, சட்டெனப் பாய்ந்து வருபவருக்குச் சில மில்லி செகண்ட் சாதகம் கிடைக்கிறது. இருவரின் பிங்கும் ஏற ஏற இந்த இடைவெளியும் ஏறும்.

வில்லன் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்

பகலில் 25 காட்டும் பிங், ராத்திரி எட்டு மணிக்கு 300-க்குத் தாவுகிறது. சர்வர் அதே ஊரில்தான் இருக்கிறது, கேபிளும் அதேதான். மாறியது வீட்டில் நடக்கும் வேலை. யாரோ ஒருவரின் போன் அன்று எடுத்த போட்டோ, வீடியோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கியிருக்கும். அல்லது வாசல் சிசிடிவி கேமரா காட்சிகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இணைப்பின் கொள்ளளவைவிட அதிகம் டேட்டா வந்தால் மோடமும் ரவுட்டரும் அதை வரிசையில் நிறுத்தி வைக்கின்றன. நல்ல எண்ணம்தான், எதுவும் தொலையக் கூடாதே. ஆனால் அந்த வரிசை அளவுக்கு மீறி நீளமாக இருந்தால்? அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். 1 எம்பி டேட்டா வரிசையில் நின்றால், அது காலியாக 0.8 நொடி ஆகும். நீங்கள் சுட்ட குண்டின் தகவல் கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி ஆள் மாதிரி அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். 800 மில்லி செகண்ட் கழித்து அது வாசலைத் தாண்டும்போது ஆட்டமே முடிந்திருக்கும்.

இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பை ஆராய்ந்து இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ். பெரிய பிளான் எடுத்ததும் சிலருக்கு லேக் குறைவதும் இதனால்தான். அப்லோடும் சேர்ந்து கூடினால் வரிசை சீக்கிரம் காலியாகும். ஆனால் பல பிளான்களில் டவுன்லோடு வேகம் ஏறும் அளவுக்கு அப்லோடு ஏறுவதில்லை. பிளான் மாற்றும் முன் அப்லோடு எவ்வளவு என்று கேட்பது நல்லது.

தீர்வு கொஞ்சம் விசித்திரமானது: ஸ்பீடைக் குறைக்க வேண்டும்! சில ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் என்ற வசதி இருக்கும். அதில் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தால், நீண்ட வரிசை மோடமில் உருவாகாது. ரவுட்டரே வரிசையைப் பிடித்துக்கொண்டு, பெரிய வீடியோ ஃபைலுக்கு நடுவே சின்னத் தகவல்களை முந்தவிடும். கொஞ்சம் ஸ்பீடு போகும், ஆனால் பிங் நிலைக்கும். இணைய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் போட்டோ பேக்கப்பை நடுராத்திரிக்கு மாற்றுவதும், ஸ்டீமில் டவுன்லோடு வேகத்துக்கு வரம்பு வைப்பதும் காசில்லாத வைத்தியம்.

வைஃபையை மறக்க வேண்டாம்

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அதற்குள் முட்டிமோத வேண்டும். போதாததற்கு மைக்ரோவேவ் அவனும் புளூடூத்தும் அதே அலைவரிசையில். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் சுவர்களைத் தாண்டும் சக்தியும் குறையும். கம்ப்யூட்டரிலோ கன்சோலிலோ ஆடுபவர்களுக்கு லான் கேபிள்தான் சரி. சில நூறு ரூபாய் கேபிள், ஆயிரக்கணக்கில் விற்கும் 'கேமிங் ரவுட்டர்' செய்யாததைப் பல வீடுகளில் செய்துவிடும்.

மொபைல் டேட்டாவில் டவரில் கூட்டம் ஏறும்போதெல்லாம் பிங் தாவும். 5ஜி-யிலும் இது முழுசாகப் போய்விடவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை அடிக்க வேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஒன்றிரண்டு மில்லி செகண்டில் பதில் வந்தால் வீட்டுக்குள் பிரச்னை இல்லை. இங்கேயே 50, 100 எனத் தாவினால் வைஃபைதான் குற்றவாளி.

அடுத்து ஃபாஸ்ட் டாட் காம் தளம். அதில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், லைன் நிரம்பி ஓடும்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். 20-ம் 35-ம் என்றால் கவலை இல்லை. 20-ம் 400-ம் என்றால் பஃபர்ப்ளோட்.

இரண்டும் சரியாக இருந்தும் கேமில் மட்டும் பிங் எகிறினால், பாதை சுற்றிப் போகிறது என்று அர்த்தம். கோவையிலிருந்து மும்பைக்குப் போக வேண்டிய டேட்டா சென்னைக்கு வந்து திரும்பலாம். உங்கள் நிறுவனமும் கேம் நிறுவனமும் எந்த ஊரில் இணைப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது அது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா உள்பட பல நாடுகளில் நெட் மந்தமானது. டேட்டா மாற்று வழிகளில் சுற்றிப் போனதால் தாமதம் கூடும் என்று மைக்ரோசாஃப்ட் தன் அஷ்யூர் பயனர்களுக்கு அறிவித்தது. 'பிங்கைக் குறைக்கும்' கட்டண ஆப்கள் உதவுவதும் இப்படிப் பாதை கோணலாக இருக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் அவை வழியில் இன்னொரு நிறுத்தத்தைச் சேர்க்கும், அவ்வளவே.

பாதை கோணலை வீட்டில் இருந்தபடி சரிசெய்ய முடியாது, இணைய நிறுவனம்தான் செய்ய வேண்டும். விளம்பரங்களில் எம்பிபிஎஸ் மட்டுமே பெரிய எழுத்தில் இருந்தாலும், 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் சேவைத்தர விதிமுறைகளில் தாமதமும் பாக்கெட் இழப்பும் அளவுகோல்களாக இருக்கின்றன. "நெட் ஸ்லோ" என்று புகார் கொடுத்தால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டி முடித்துவிடுவார்கள். "இரவு 8 முதல் 10 வரை இந்த சர்வருக்கு பிங் 180, பாக்கெட் லாஸ் 4 சதவீதம்" என்று தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். அந்தப் புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். சோதனையை லான் கேபிள் போட்டே எடுப்பது முக்கியம். அப்போதுதான் "உங்க வைஃபைல பிரச்னை சார்" என்று அவர்கள் கையை விரிக்க முடியாது.