ஏடும் வன்தட்டும்

மலையகத் தமிழரின் வரலாறு ஏட்டோடு பிணைந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தோரிடமும், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்ட லயன்களில் வாழ்ந்தோர் பலரிடம் அச்சான்று இல்லை, அவர்கள் நாடற்றோராயினர்.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் எஞ்சிய ஏடுகளைப் படமெடுத்து இன்று வன்தட்டிற் சேமிக்கலாம். ஆயின் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கெனக் கோப்பமைப்பு உடையது. 1983இல் வந்த டாஸ் 2.0, ஒரே தட்டை நான்கு பகுதிகள் வரை வகுக்கும் முறையைக் கொணர்ந்தது. ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு இயங்குதளத்துக்கு உரியதாகலாம். 1993இல் விண்டோசுக்கென எழுந்த என்ரிஎஃப்எஸ் பகுதியை மாக் கணினி படிக்கும், இயல்பாக எழுதாது. ஃபற் 32 எங்கும் செல்லுமெனினும், 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 2006இல் வந்த எக்ஸ்ஃபற் அத்தடையை நீக்கியது. 2019இல் அதன் விவரக்குறிப்பு வெளியானபின் லினக்ஸும் அதனைத் தன்னுள் ஏற்றது.

எனவே பொதுப் பயனுக்கு ஒரு பகுதியை எக்ஸ்ஃபற்றாக வகுத்தல் தகும். எனினும் பகுப்பு காப்பன்று. தட்டுப் பழுதுறின் எல்லாப் பகுதிகளும் அழியும். ஆதலின் பிறிதொரு தட்டில், பிறிதோர் ஊரில், படியொன்று இருத்தல் வேண்டும். ஏடின்மையால் உரிமையிழந்த மக்களுக்கு, ஏடிருந்தும் திறக்கவியலா நிலை நேர்தல் ஆகாது.